வண்டி நின்றாலும் பிளேடு நிற்காது

கார் ஓட்டத் தெரிந்தால் போதும், மேலே உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் ரைடிங் மோவர் தானாக வந்துவிடும் என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். ஸ்டியரிங் இருக்கிறது, சாவி இருக்கிறது, காலடியில் பெடல் இருக்கிறது. கேட்கிறவருக்கும் அது சரியென்றே படும். என்னைக் கேட்டால், கார் ஓட்டிப் பழகிய காலையும் கையையும்தான் இந்த வண்டியில் முதலில் அடக்கிவைக்க வேண்டும் என்பேன். காரில் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்தது. இந்த வண்டி அசையாமல் நிற்கும்போதும் அடியில் பிளேடு முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஓடுவது ஒரு வண்டி, வெட்டுவது இன்னொரு வண்டி. இரண்டும் ஒரே எஞ்சினிடம் சக்தி வாங்கிக்கொண்டு ஒரே சட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எந்த லிவரைத் தொட்டாலும் அது எந்த வண்டிக்கானது என்று தெரிந்து தொட வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதிலிருந்து கிளைத்ததுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நார்த் கரோலினாவில், ராலே நகரத்துக்கு வெளியே. வீட்டைச் சுற்றி ஏறக்குறைய ஒரு ஏக்கர். நம்மூர்க் கணக்கில் நூறு சென்ட், சென்னைக் கணக்கில் 18 கிரவுண்டு. செம்மண் களி, அதன்மேல் ஃபெஸ்க்யூ புல். ஏப்ரல், மே மாதங்களில் வாரம் தவறினால் புல் கணுக்காலைத் தாண்டிவிடும், வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.விடமிருந்து கடிதமும் வந்துவிடும். என் கணவருக்கு மகரந்த அலர்ஜி என்பதால் இந்த வேலை என் பொறுப்புக்கு வந்தது. இப்போது கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம் அதுதான்.

எங்களுடையது சாதாரண லான் டிராக்டர். அடியில் பிளேடை மூடியிருக்கும் கூடான டெக் 42 அங்குலம், அதற்குள் இரண்டு பிளேடு, எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியர். அப்பா ஊரிலிருந்து வந்திருந்த கோடையில் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோதுதான், எனக்குப் பழக்கமாகிப்போன ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிவந்தது. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் மாஸி ஃபெர்கூசன் டிராக்டர் ஓட்டியவர். சேற்று வயலில் கேஜ் வீல் மாட்டி உழுத ஆளுக்கு இது பொம்மை மாதிரி தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

"கிளட்ச் எங்கம்மா?" என்றார் முதலில்.

"கிளட்சே கிடையாதுப்பா. வலது கால்கிட்ட ரெண்டு பெடல் இருக்கு பாருங்க. பெருசு முன்னாடி போக, சின்னது பின்னாடி போக. இடது கால்ல இருக்கறது பிரேக்."

இந்த ஏற்பாட்டில்தான் கார்க்காரர்களுக்கு வம்பு. வலது காலுக்குப் பக்கத்தில் இரண்டு பெடல் இருந்தால் அதில் ஒன்று பிரேக் என்று நம் கால் முடிவு செய்து வைத்திருக்கிறது. இங்கே அது ரிவர்ஸ். பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து அதை அழுத்தினால் வண்டி உதறிக்கொண்டு பின்னால் வரும். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் பெடலிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக மெதுவாகி நின்றுவிடும். அதனால் நிறுத்துவதற்கான முதல் வேலை எதையும் மிதிப்பது அல்ல, வலது காலைத் தூக்குவது. அதன்பிறகு இடது கால் பிரேக்குக்குப் போகட்டும். புதிதாக ஓட்டுகிறவர்களை பிளேடைத் தொடவே விடாமல், வெறும் வண்டியாக, காலி இடத்தில், காலைத் தூக்கி நிறுத்துவதை மட்டும் பழகச் சொல்வேன். கால் யோசிக்காமல் அதைச் செய்யும்வரை புல் காத்திருக்கலாம். எல்லா மாடலிலும் பெடல் ஒரே இடத்தில் இருக்காது. சிலதில் ஒரே பெடலை முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும், சிலதில் மட்கார்டு ஓரத்தில் கை லிவர். நண்பர் வீட்டு வண்டியை வாங்கி ஓட்டும்போது இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஏறக் கூடாது.

பிளேடுக்கான சுவிட்ச் டாஷ்போர்டில் இருக்கும் மஞ்சள் குமிழ். அதன் பெயர் பி.டி.ஓ. (பவர் டேக்-ஆஃப், எஞ்சின் சக்தியை வேறு கருவிக்குக் கொடுக்கும் இணைப்பு) என்றதும் அப்பாவின் முகம் மாறியது. ரோட்டாவேட்டரைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டில் துண்டோ வேட்டியோ சிக்கினால் என்ன ஆகும் என்று டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவரை பொம்மையாகத் தெரிந்த வண்டியை அப்பா அதன்பிறகு அப்படிப் பார்க்கவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர், நான் எதுவும் சொல்லாமலேயே உள்ளே போய் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். ஹவாய் செருப்பைக் கழற்றவைக்கத்தான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மூடிய ஷூ, அதுவும் அடிப்பாகம் வழுக்காதது, அவசியம். ஏறி இறங்கும்போது ஈரப் புல் ஒட்டிய ஃபுட்ரெஸ்டில் செருப்பு நிற்காது.

அந்தக் குமிழை மேலே இழுத்தால் பிளேடு சுற்றும். கீழே அழுத்தினால் நிற்கும். திசையை அப்படி வைத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. அவசரத்தில் விரல்களால் எதையும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும். உள்ளே இருப்பது மின்காந்த கிளட்ச். கரண்ட் போனால் பிடியை விட்டு, கூடவே இருக்கும் பிரேக்கால் பிளேடைச் சுற்றவைக்கும் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். விலை குறைந்த, பழைய வண்டிகளில் குமிழுக்குப் பதில் நீண்ட கை லிவர் இருக்கும். அதில் பிளேடைச் சேர்க்கும்போது பெல்ட் இழுபடும் கனம் கையிலேயே தெரியும்.

பிளேடைப் போட்டுவிட்டால், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லிவரை முழு வேகத்தைக் காட்டும் முயல் படம் வரை கொண்டுபோக வேண்டும். மெதுவாக எஞ்சினை ஓட்டினால் பத்திரம் என்று பலர் ஆமைப் படத்தில் வைத்து வெட்டுகிறார்கள். அதனால் பத்திரம் கூடுவதில்லை. பிளேடு தேவையான வேகத்தில் சுற்றினால்தான் டெக்குக்குள் காற்று எழும்பி, புல்லை நிமிர்த்தி, வெட்டியதை வெளியே தள்ளும். வேகம் குறைந்தால் புல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும், கை போகக் கூடாத இடத்துக்குக் கை போவது அப்போதுதான். எஞ்சின் வேகம் முழுசாக இருக்கட்டும். வண்டி வேகத்தைப் பெடலில் குறைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு வண்டிக் கணக்கு இங்கே தெளிவாகவே வேலை செய்யும்.

பிளேடின் வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தரவிதிப்படி மோவர் பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் ஓடக் கூடாது. மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். உச்சவரம்பே அது என்றால் நம் வண்டி அதற்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். அந்த நுனியில் ஒரு கோலிக்குண்டு அளவு ஜல்லி பட்டால் எப்படிப் பறக்கும் என்று யோசித்துப் பார்த்தால், வலது பக்கம் புல் வெளியேறும் வாயில் தொங்கும் பிளாஸ்டிக் மூடியை யாரும் தூக்கிக் கட்டிவைக்க மாட்டார்கள். கட்டிவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புல் திட்டுத் திட்டாக விழாமல் பரவலாக விழுகிறதாம். அந்த மூடி புல்லுக்காக வைத்தது அல்ல, கல்லைத் தரைப்பக்கம் திருப்பிவிட வைத்தது.

ஆகவே, சாவியைத் தொடுவதற்கு முன் ஒரு நடை. எங்கள் யார்டில் பொறுக்க வேண்டியது ஏராளம்: பைன் கொம்புகள், பிள்ளைகளின் பந்து, நாய் கொண்டுவந்து போட்ட எலும்பு, ஸ்வீட் கம் மரத்தின் முள்ளுக் காய்கள். பலர் கவனிக்காமல் விடுவது சின்னக் கொடிகள். தரைக்கடியில் கேபிளோ குழாயோ எங்கே போகிறது என்று காட்ட யாராவது வந்து நட்டுவிட்டுப் போகும் மஞ்சள், ஆரஞ்சு கொடிகளின் தண்டு மெல்லிய எஃகுக் கம்பி. கொடி கிழிந்து விழுந்துவிட்டால் புல்லுக்குள் கம்பி மட்டும் கண்ணில் படாமல் நிற்கும். ஜல்லி போட்ட டிரைவ்வேயைக் கடக்கும்போது குமிழை அழுத்தி, பிளேடு முழுசாக நின்றபின், டெக்கைத் தூக்கிக்கொண்டு கடக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பப் போட்டுக்கொள்ள ஐந்து நொடி ஆகும், அவ்வளவுதான்.

ஓரங்களை வெட்டும்போது முதல் ஓரிரு சுற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் போவேன். புல் வெளியேறும் வாய் வலது பக்கம் என்பதால், அப்படிப் போனால் எல்லாம் நடுப்பக்கம் விழும். பக்கத்து வீட்டுக் கார், தெருவில் நடப்பவர், எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கதவு எதுவும் குறியில் வராது. அதன்பின் திசையை மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய புல் ஏற்கெனவே வெட்டிய பக்கம் விழும், எஞ்சினுக்கும் சுமை குறையும்.

தள்ளிக்கொண்டு போகும் மோவரில் கைப்பிடியோடு ஒரு கம்பியைச் சேர்த்துப் பிடித்திருப்போம். அதை விட்டால் மூன்று நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது 1982-லிருந்து இங்கே சட்டம். ரைடிங் மோவரில் அந்தக் கம்பி கிடையாது. அதன் வேலையைச் செய்வது சீட்டு. சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று அதற்குத்தான் தெரியும். பிளேடு ஓடும்போது எழுந்தால் எஞ்சின் அணையும். பார்க்கிங் பிரேக் போடாமல் எழுந்தாலும் அணையும். பிரேக்கை முழுசாக மிதிக்காமலோ, குமிழ் மேலே இருக்கும்போதோ சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டே ஆகாது. அப்பா இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு, "நம்பிக்கை இல்லாத வண்டியா இருக்கே" என்றார். அவர் டிராக்டரை ஓடவிட்டுவிட்டு இறங்கி வரப்பில் டீ குடித்துவிட்டுத் திரும்பிய தலைமுறை.

உடல் எடை குறைந்த எனக்கு இந்த சீட் சுவிட்ச் கொஞ்ச காலம் தொல்லைதான். மேடுபள்ளத்தில் வண்டி துள்ளும்போது உடம்பு அரை அங்குலம் எழும்பும், எஞ்சின் இருமும். ஒரு மெக்கானிக் சர்வசாதாரணமாக, "அந்த ரெண்டு ஒயரையும் சேர்த்துவிட்டுடலாம், எல்லாரும் அதான் பண்றாங்க" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை ஓட்டுபவரின் எடைக்கு ஏற்பத் தளர்த்தவும் இறுக்கவும் முடியும் என்று மேனுவலில் படத்தோடு போட்டிருக்கிறார்கள். தளர்த்தினேன், சரியாகிவிட்டது. அந்த இரண்டு ஒயரைச் சேர்த்துவிட்டால், சரிவில் தூக்கியெறியப்பட்ட ஆள் கீழே கிடக்க, பிளேடு சுற்றியபடி வண்டி தன் வழியில் போகும். வண்டி கொடுத்த ஒரே காவல்காரனை அனுப்பிவிட்டு அப்புறம் ஹெல்மெட், பூட்ஸ் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் வெட்டுக்கு முன் இந்தச் சுவிட்சுகளைச் சோதிப்பேன். சமதளத்தில், சுற்றிலும் யாரும் இல்லாமல். குமிழை மேலே இழுத்துவைத்து ஸ்டார்ட் செய்து பார்ப்பது, பிரேக்கை விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இரண்டிலும் எஞ்சின் மசியக் கூடாது. பிறகு பிளேடை ஓடவிட்டு சீட்டிலிருந்து லேசாக எழும்புவது, கால் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்கும், இறங்கமாட்டேன். உடனே அணைய வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் அன்றைக்குப் புல் வெட்டுவது இல்லை.

ரிவர்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பாவோடு உண்மையான விவாதம் வந்தது அங்கேதான். இப்போது வரும் வண்டிகளில் பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் போக முயன்றால் எஞ்சின் அணைந்துவிடும். அதை மீறிப் பின்னால் வெட்ட வேண்டும் என்றால் தனியே ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அல்லது சாவியை இன்னொரு நிலைக்குத் திருப்ப வேண்டும். மரத்தடியில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் போகும்போது இது எரிச்சலூட்டும். "இவனுக்கு நம்ம அவசரம் எங்க தெரியுது" என்று அப்பா முணுமுணுத்தார். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று தெரிந்தபின் நினைப்பு மாறியது. ஓட்டுகிறவரின் உட்காரும் நிலையில் வண்டியின் பின்பக்கம், தரையோடு ஒட்டிய பகுதி, கண்ணுக்குத் தெரியாது. காதில் இயர்மஃப், எஞ்சின் சத்தம் வேறு. தாத்தா வண்டி ஓட்டுகிறார் என்று பின்னாலேயே ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தை கூப்பிட்டாலும் ஓட்டுகிறவருக்குக் கேட்காது. கடைசியாகப் பார்த்த இடத்திலேயே குழந்தை நிற்கும் என்று நினைத்துவிடாதே என்று ஏறக்குறைய எல்லா மேனுவலும் எழுதிவைத்திருப்பதை வெறும் சட்டப் பாதுகாப்பு வாசகம் என்று ஒதுக்க முடியாது.

அதனால் எங்கள் வீட்டில் ரிவர்ஸ் என்றால் குமிழ் கீழே. முதலில் தலையைத் திருப்பிப் பின்னாலும் கீழேயும் பார்த்துவிட்டுத்தான் சின்ன பெடல், பின்னால் போகும்போதும் பார்வை பின்னாலேயே. மீறும் பட்டனை நான் தொடுவதில்லை. மரங்களைச் சுற்றி வெட்டும் வழியைக் கொஞ்சம் மாற்றினால் ரிவர்ஸே தேவைப்படாது. மிச்சம் இருப்பதைக் கையில் பிடித்து வெட்டும் டிரிம்மரால் எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்பார்த்ததுபோலவே அடுத்த நாள் பேத்தி வந்து நின்றாள். "தாத்தா, நானும்." ஊரில் டிராக்டர் மட்கார்டில் பிள்ளைகளை உட்காரவைத்து வயலுக்குப் போனவர்கள் நாங்கள். நானே அப்படிப் போயிருக்கிறேன், இரும்பைப் பிடித்துக்கொண்டு. அப்பா என்னைப் பார்த்தார்.

"மடியில வச்சுக்கறேம்மா. பிளேடு போட மாட்டேன். சும்மா ஒரு ரவுண்டு."

"வேணாம்ப்பா. இன்னைக்கு பிளேடு போடாம ஏத்துனா, நாளைக்கு பிளேடு ஓடறப்பவும் ஏத்திக்குவீங்கன்னு நெனச்சு ஓடி வருவா."

அப்பா ஒன்றும் பேசவில்லை. பேத்தி அழுதாள், ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்க்க ஒப்புக்கொண்டாள். ஒற்றை சீட்டு வண்டியில் ஒற்றை ஆள். அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் சொல்வதும் இதேதான்: பயணியாகக் குழந்தையை ஏற்றவே கூடாது, ரைடிங் மோவர் ஓட்ட 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும், தள்ளும் மோவருக்கு 12. நான் வெட்டும்போது பிள்ளைகள் வீட்டுக்குள், இன்னொரு பெரியவரின் கண்பார்வையில். பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லாத நாளில் புல் வளரட்டும். யார்டுக்குள் யாராவது வந்துவிட்டால் கேள்வியே இல்லாமல் உள்ளங்கை குமிழுக்குப் போகும்.

எங்கள் இடத்தின் பின்பக்கம் ஓடையை நோக்கிச் சரிகிறது. ரைடிங் மோவரால் உயிர் போகிறது என்றால் வண்டி கவிழ்வதுதான் அதற்கு முக்கியமான காரணம். எங்கள் வண்டியே 200 கிலோ அளவு. லான் டிராக்டருக்கு 15 டிகிரிக்கு மேல் சரிவு கூடாது என்பது பொதுவான வரம்பு. 15 டிகிரி என்றால் கண்ணுக்கு அவ்வளவு செங்குத்தாகத் தெரியாது. பத்து அடி தூரத்தில் ஏறக்குறைய 32 அங்குலம் ஏறும், அவ்வளவே. பல மேனுவல்களில் ஒரு பக்கத்தில் அந்தச் சாய்வில் கோடு போட்டிருக்கும். அதில் மடித்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, சரிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் ஒரு நீளப் பலகையைத் தரையில் வைத்து அதன்மேல் போனை வைத்து அளந்தேன். ஓடைக்கரையை ஒட்டிய பட்டை வரம்பைத் தாண்டியது. அந்தப் பட்டையை இப்போது புல்லாகவே வைத்திருக்கவில்லை, புதர்ச் செடிகள் நட்டுவிட்டோம்.

மீதிச் சரிவில் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். குறுக்கே போவதில்லை. தள்ளும் மோவருக்கு இது நேர்மாறு, அதில் குறுக்கேதான் போக வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கினால் நம் கால்மேலேயே வரும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் இது. சரிவில் நிறுத்தாமல், புதிதாகக் கிளம்பாமல், திரும்பாமல் ஒரே சீராகப் போக வேண்டும். திரும்பியே ஆக வேண்டுமென்றால் மெதுவாக, இறக்கத்தின் பக்கமாக. க்ரூஸ் கண்ட்ரோல் இருந்தால் அதைச் சரிவில் தொடக் கூடாது. பின்னால் புல் சேர்க்கும் பை மாட்டியிருந்தால் எடை பின்பக்கம் கூடி, ஏறும்போது முன்சக்கரம் லேசாகும். சக்கரம் பிடி இழந்து வழுக்கத் தொடங்கினால் கால் முதலில் தரையில் ஊன்றத்தான் துடிக்கும். கூடாது. இறங்கிக்கொண்டிருக்கும் அந்த எடையை ஒரு காலால் தாங்க முடியாது, கால் போவது டெக்கின் பக்கம். குமிழை அழுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாக நேர் கீழே இறங்கிவிட வேண்டும். பனி காயாத காலையில் சரிவுப் பக்கம் போகாதிருந்தால் இதற்கே வேலை வராது. பதினொரு மணிக்கு மேல்தான் நான் அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோவேன்.

வண்டியின் பின்பக்கம், பலர் கண்ணில் படாத ஒரு சின்னக் கம்பி இருக்கும். எஞ்சின் ஓடாதபோது வண்டியைக் கையால் தள்ளுவதற்காக ஹைட்ரோஸ்டாட்டிக்கை விலக்கிவிடும் கம்பி அது. அதை இழுத்த நிலையில் விட்டுவிட்டால், பெடலை மிதித்தாலும் வண்டி போகாது. முக்கியமாக, காலை எடுத்தாலும் நிற்காது, சரிவில் தன்பாட்டுக்கு உருளும். கராஜிலிருந்து வெளியே தள்ளிய பிறகு அதைத் திருப்பி அடைத்துவிட்டுத்தான் சீட்டில் ஏற வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இருப்பது ஜீரோ டர்ன், நின்ற இடத்திலேயே திரும்பும் இன்னொரு வகை ரைடிங் மோவர். ஸ்டியரிங் கிடையாது, தொடைக்கு இருபுறமும் இரண்டு நீண்ட லிவர்கள், ஒவ்வொன்றும் ஒரு பின்சக்கரத்துக்கு. இடதை அதிகம் தள்ளினால் வலதுபக்கம் திரும்பும். சமதளத்தில் அற்புதமான வண்டி, நேரமும் பாதி. ஆனால் முன்சக்கரங்கள் வெறும் உருளைகள். பிரேக்கும் கிடையாது, திருப்பும் சக்தியும் கிடையாது. எல்லாம் பின்சக்கரத்தின் பிடியை நம்பி இருக்கிறது. ஈரச் சரிவில் அந்தப் பிடி போனால் திசையும் போச்சு, நிறுத்தமும் போச்சு. இன்னொன்றை அதில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன்: இறக்கத்தில் உடம்பு முன்னால் சாய்ந்தால் கையும் கூடவே முன்னால் போய் லிவரைத் தள்ளுகிறது, அதாவது பயந்த நேரத்தில் வண்டி வேகம் எடுக்கிறது. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, ஒரு விரலை சட்டத்தில் ஊன்றிக்கொண்டு ஓட்டச் சொன்னார் அவர். பின்னால் கவிழ்வைத் தாங்கும் கம்பி வளைவு இருக்கும் வண்டியில், அது நிமிர்ந்த நிலையில் சீட் பெல்ட் கட்டாயம். வளைவை மடக்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது. எங்கள் லான் டிராக்டர்போல வளைவே இல்லாத வண்டியில் பெல்ட்டும் இருக்காது.

ஆகஸ்டு கடைசியில் இங்கே இன்னொரு தொல்லை வரும்: மண்ணுக்குள் கூடு கட்டும் மஞ்சள் குளவிகள். எலி வளைபோல ஒரு துளை, அதன்மேல் வண்டி அதிர்ந்தால் கும்பலாகக் கிளம்பும். கொட்டு விழுந்ததும் குதித்து இறங்கி ஓடத் தோன்றும். இறங்காமல், வண்டியை நேராக ஓட்டிக்கொண்டே தூரமாகப் போய், அங்கே நிறுத்தி இறங்குவதே சரி. குளவி கொட்டினால் வலிக்கும். சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் நிலைமையே வேறு. கொட்டினால் மூச்சுத்திணறும் அலர்ஜி உள்ளவர்கள் அவசர ஊசியான எபிபென்னைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெட்டட்டும்.

இறங்கும் வரிசையை மட்டும் நான் ஒருபோதும் மாற்றுவதில்லை. சமதளம். குமிழ் கீழே. டெக் கீழே. பார்க்கிங் பிரேக். எஞ்சின் ஆஃப். சாவி கையில். பிளேடு முழுசாக நின்றது காதுக்குத் தெரிந்தபின் கால் தரையில். டெக்கில் புல் அடைத்திருந்தால் இதற்கு மேலும் ஒரு படி உண்டு: ஸ்பார்க் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஒரு குச்சியால் தள்ள வேண்டும். சாவிதான் என் பையில் இருக்கிறதே என்று கையை விட்டுவிட முடியாது. இரண்டு பிளேடும் ஒரே பெல்ட்டில் ஓடுவதால், ஒன்றில் அடைத்ததை எடுக்க அதைத் திருப்பினால் அந்தப் பக்கம் இருக்கும் இன்னொன்றும் நகரும். அப்பாவுக்கு இதைக் காட்டினேன். முன்பக்கத்தை ராம்ப்பில் ஏற்றி, கனமான கையுறையோடு ஒரு பிளேடை நான் மெல்லத் திருப்ப, இரண்டடி தள்ளி இருந்த மற்றதின் நுனி சேறு படிந்த விளிம்போடு மெதுவாக நகர்ந்து வந்தது. "கைய எடு, கைய எடு" என்று அவர்தான் சத்தம் போட்டார். என் கை அதன் பக்கத்தில்கூட இல்லை.

பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறியபிறகு, வெளியில். பெட்ரோல் பங்க்கில் கிடைப்பதில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது பரவாயில்லை. 15 சதவீதக் கலவையை இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களில் ஊற்ற இங்கே அனுமதி இல்லை. கேனைக் காரின் டிக்கியிலேயே வைத்து நிரப்பாமல் தரையில் இறக்கிவைத்து நிரப்ப வேண்டும், கார்ப்பெட்டில் உராய்ந்து வரும் நிலைமின்சாரம் பொறி தட்டலாம். மூடிய கராஜுக்குள் எஞ்சினைச் சூடுபடுத்துகிறேன் என்று ஓடவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

கடைசியாக, பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு. இங்கே பலரும் முதலில் அப்படித்தான் வாங்குகிறோம். 500 டாலருக்கும் கிடைக்கும். எஞ்சின் சத்தத்தையும் டயரையும் பார்ப்பதற்கு முன், சீட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். சுவிட்சுக்குப் போகும் பிளக்கைக் கழற்றி இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றியிருந்தால், அந்த வண்டியில் வேறு எதையெல்லாம் இப்படிச் சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டியிருக்கும். பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்ச், ரிவர்ஸ் சுவிட்ச், புல் வெளியேறும் வாயின் மூடி, அதன் ஸ்பிரிங், இவற்றையும் பாருங்கள். மேனுவல் இல்லையென்றால் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ மட்கார்டிலோ ஒட்டியிருக்கும், தயாரித்தவர்களின் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சுவிட்ச் ஒன்றுக்கு இருபது முப்பது டாலர்தான் ஆகும். விற்பவரிடம் அதைக் கழித்துக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.